எச்சரிக்கையும் ஆறுதலும்: மனவடுத் தூண்டல் எச்சரிக்கை விவாதமும் மாமல்லபுரக் கடற்கரையும்

மனவடுத் தூண்டல் எச்சரிக்கை என்பது ஒரு நூல், திரைப்படம் அல்லது வகுப்புப் பாடம் தொடங்கும் முன்னர் அதில் வன்முறை, பாலியல் வன்கொடுமை, தற்கொலை, பேரிடர் போன்றவை இடம்பெறுவதை முன்கூட்டியே தெரிவிக்கும் குறிப்பு ஆகும். ஆங்கிலத்தில் இது 'டிரிக்கர் வார்னிங்' எனப்படுகிறது. அத்தகைய துயரை முன்பே பட்டறிந்த ஒருவர், அதை நினைவூட்டும் காட்சியை எதிர்பாராமல் சந்தித்தால் பழைய அச்சம் மீண்டும் கிளம்பும் என்பதும், முன்னறிவிப்பு இருந்தால் அவர் தம்மைத் தயார்படுத்திக்கொள்ளலாம் அல்லது விலகிக்கொள்ளலாம் என்பதும் இதன் அடிப்படை. 'டிராமா' என்ற சொல்லுக்கு ஈழத் தமிழ் மனநல எழுத்துகளில் வழங்கும் 'மனவடு' என்ற சொல் பொருத்தமானது. புண் ஆறிய பின்னும் வடு நிற்கும் என்ற பொருள் அதில் உண்டு.

இவ்விவாதம் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை மையமாகக் கொண்டே நடந்துள்ளது. எச்சரிக்கை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ஒரு தனி மாணவரையும் அவர் கையிலுள்ள ஒரு புத்தகத்தையுமே மனத்தில் கொண்டு பேசுகின்றனர். ஓர் ஊரே சேர்ந்து மனவடுப்பட்ட இடத்தில் இந்த வாதங்கள் எவ்வளவு நிற்கும் என்பதை 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடற்கரையை, குறிப்பாக இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம், கல்பாக்கம் கரையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

விவாதத்தின் பின்னணி

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்பில் முதன்முறையாக இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பம் அதற்கு முக்கியக் காரணம். ஒலி, மணம், காட்சி போன்ற சிறு தூண்டுதலால் பழைய நிகழ்வு மீண்டும் நடப்பதுபோல் தோன்றுவது இக்கோளாறின் அடையாளங்களில் ஒன்று. பின்னர் இணையத்தில் பெண்ணிய எழுத்தாளர்களும் வாசகர்களும் பாலியல் வன்முறை பற்றிய பதிவுகளின் தலைப்பில் முன்னறிவிப்பு இடத் தொடங்கினர். அங்கிருந்து இவ்வழக்கம் கல்லூரிகளுக்குச் சென்றது.

2014இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாக மாணவர் பேரவை, பாடத்திட்டங்களில் இத்தகைய எச்சரிக்கை இடம்பெற வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், கட்டாய எச்சரிக்கை கல்விச் சுதந்திரத்துக்கு ஊறு என்று அறிக்கை வெளியிட்டது. 2015இல் கிரெக் லூக்கியானோஃப், ஜொனாதன் ஹைட் இருவரும் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரை, மாணவர்களை அச்சத்திலிருந்து பொத்திக் காப்பது அவர்களின் மனவலிமையைக் குறைக்கும் என்று வாதிட்டது. அவ்வாண்டிலேயே மெய்யியல் பேராசிரியர் கேட் மேன், முன்னறிவிப்பு மாணவர்களைப் பாடத்திலிருந்து விலக்குவதற்கன்று, அவர்கள் நிதானத்தோடு பாடத்துக்குள் நுழைவதற்கே என்று மறுமொழி கூறினார். 2016இல் சிகாகோ பல்கலைக்கழகம் தாம் இத்தகைய எச்சரிக்கைகளை ஆதரிப்பதில்லை என்று புதிய மாணவர்களுக்குக் கடிதமே அனுப்பியது.

ஆய்வுகள் சொல்வது

தொடக்கத்தில் இரு தரப்பிடமும் தரவு இல்லை. 2018 முதல் ஆய்வுகள் வரத் தொடங்கின. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு மெக்னல்லியும் அவர் மாணவர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. அதில் பங்கேற்ற 451 பேரும் மனவடுப்பட்டவர்கள். இலக்கியப் பகுதிகளை எச்சரிக்கையுடனும் எச்சரிக்கையின்றியும் அவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தபோது, எச்சரிக்கை அவர்களின் பதற்றத்தைக் குறைக்கவில்லை. மாறாக, நேர்ந்த துயரமே தம் வாழ்க்கையின் மையம் என்ற எண்ணத்தை அது சற்று வலுப்படுத்தியது. விக்டோரியா பிரிட்ஜ்லண்டும் உடன் ஆய்வாளர்களும் 12 ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த பகுப்பாய்வும் இதை ஒத்த முடிவுக்கே வந்தது. எச்சரிக்கையைக் கண்டவர்கள் அந்தப் படைப்பைத் தவிர்க்கவில்லை. பார்த்தபோது எழுந்த துன்பமும் குறையவில்லை. பார்ப்பதற்கு முந்தைய கணங்களின் பதற்றம் மட்டும் கூடியது.

இம்முடிவுகளைக் கண்டு எச்சரிக்கையை எதிர்ப்போர் தாம் வென்றுவிட்டதாகக் கூறுவதுண்டு. அந்த முடிவு அவசரமானது. ஆய்வுகள் அளந்தவை அச்சம், பதற்றம், தவிர்ப்பு, புரிதல் போன்றவற்றையே. தம்மை ஒரு பொருட்டாக மதித்து முன்பே சொன்னார்கள் என்ற உணர்வை அவை அளக்கவில்லை. மேலும், அச்சத்தை நேர்கொள்வதே மருந்து என்ற கூற்றும் பாதி உண்மையே. எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சையில் நோயாளி அச்சத்தை நேர்கொள்கிறார் என்பது உண்மை. ஆனால் அவர் ஒப்புதலோடு, படிப்படியாக, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்க அது நடக்கிறது. முன்னறிவிப்பின்றித் திரையரங்கில் ஒருவர்மேல் காட்சியைக் கொட்டுவதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது.

ஆகவே எச்சரிக்கை மருந்தாகப் பயன்படவில்லை என்பது மட்டுமே நிறுவப்பட்டுள்ளது. எது பயன்படும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கான விடையின் ஒரு பகுதி தமிழகக் கரையில் கிடைக்கிறது.

அலை வந்த கரை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுமத்ராவுக்கு அப்பால் ஏற்பட்ட கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமி தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 நவம்பர் 29 அன்று அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அக்கடற்கரை முழுவதும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைப்பகத்தில் நீர் புகுந்ததால் இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஊழியர் நகரியத்தில் குடியிருந்தவர்களும் பக்கத்துக் குப்பங்களின் மீனவர்களும் அலையில் இறந்தனர்.

அதே அலை மாமல்லபுரத்தில் வேறொரு செய்தியாகவும் பேசப்பட்டது. மணல் அரிக்கப்பட்டதால் சிற்ப வேலைப்பாடுள்ள பாறைகள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை 2005இல் அகழ்ந்து, பல்லவர் கால முருகன் கோயிலின் எச்சங்களையும் அதற்கடியில் அதனினும் பழைய செங்கல் கட்டுமானத்தையும் கண்டறிந்தது. அந்தப் பழைய கோயிலும் ஒரு கடற்பேரலையால் அழிந்திருக்கலாம் என்று அகழ்வில் ஈடுபட்ட தொல்லியலாளர்கள் கருதினர். இவ்வாறு மாமல்லபுரத்துக்கு வரும் பயணிக்குச் சுனாமி புதையலைக் காட்டிக்கொடுத்த நிகழ்வாகவும், சில கல் தொலைவில் வலை பின்னுபவருக்கு வீட்டில் ஆள் குறைந்த நாளாகவும் ஆகிவிட்டது. ஒரே நிகழ்வு ஒருவருக்கு வியப்பாகவும் மற்றவருக்கு வடுவாகவும் இருப்பதே தூண்டல் எச்சரிக்கை என்ற கோரிக்கையின் வேர்.

ஆனால் எச்சரிக்கை பற்றிய விவாதம் இங்கு உடனே ஒரு தடையைச் சந்திக்கிறது. மீனவருக்கு நினைவைக் கிளறுவது ஒரு புத்தகமன்று, கடலே. அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டுதான் உறங்க வேண்டும். ஆண்கள் அதில் இறங்கித்தான் பிழைக்க வேண்டும். பெண்கள் கரைக்கு வந்துதான் மீன் எடுத்து விற்க வேண்டும். கடலுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைப்பதில் பொருளில்லை. தவிர்ப்பது என்பது பிழைப்புக்கு வேறு வழியுள்ளவர்களுக்கே கிடைக்கும் வசதி.

இக்கரையோரச் சமூகங்களில் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்கின்றன. சுனாமி தாக்கிய தமிழக மீனவக் கிராமம் ஒன்றில் நடத்தப்பட்டு, 2007இல் அமெரிக்கப் பொது நலவாழ்வு இதழில் வெளியான ஆய்வு, வயதுவந்தோரில் 12.7 விழுக்காட்டினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்ததாகக் கூறியது. பெண்கள், காயமடைந்தோர், குடும்ப வருமானம் இல்லாதோர் ஆகியோரிடம் அது அதிகம் காணப்பட்டது. பாதுகாப்பு உணர்வை அளிப்பதோடு வருவாய்க்கு வழிசெய்வதும் தேவை என்பது அவ்வாய்வின் பரிந்துரை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழகக் கடலோரக் கிராமங்களில் குழுக் கலந்துரையாடல் வழியாகச் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் மனநலச் சேவைகளைவிடத் தம் சொந்த, சமூக, ஆன்மிக வழிகளையே பெரிதாக மதித்தது தெரியவந்தது. நேர்ந்ததற்குத் தம் மொழியிலும் தம் நம்பிக்கையிலும் அவர்கள் பொருள் தேடிக்கொண்டனர்.

இதை மனநல மருத்துவமே வேண்டாம் என்று படிப்பது பிழை. அந்தப் 12.7 விழுக்காட்டினர் உண்மையில் துன்புற்றவர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்ததும் பயனுள்ள பணியே. ஆனால் வேலை, துணை, வழிபாடு, இறந்தவருக்குச் செய்யும் காரியம் ஆகியவை சிகிச்சைக்கு வெளியே நிற்கும் அலங்காரங்கள் அல்ல என்பதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன. படகு பழுதுபார்க்கப்பட்டு, நாலைந்து பேர் சேர்ந்து மீண்டும் கடலுக்குப் போனது அச்சத்தைப் படிப்படியாக நேர்கொண்ட செயலும் ஆகும். அதில் துணையும் இருந்தது, போவதா வேண்டாமா என்ற முடிவும் அவர்கள் கையில் இருந்தது.

எச்சரிக்கை எப்போது பயன்படும்

எச்சரிக்கை என்ற சொல்லுக்கு இக்கரையில் நேரடிப் பொருள் உண்டு. சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் ஒரு சுனாமி வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் கடலோர மாநிலங்களை எச்சரித்தது. தமிழகக் கரையெங்கும் மக்கள் உயிருக்குப் பயந்து ஓடினர். நிவாரணப் பணிகள் தடைப்பட்டன. அந்த எச்சரிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று பின்னர் மத்திய அரசின் அறிவியல் துறையே மறுத்தது. பிணங்கள் முழுவதும் அடக்கம் செய்யப்படாத நாளில், எங்கே போவது என்று சொல்லாத ஓர் எச்சரிக்கை மக்களுக்கு இரண்டாவது அச்சத்தைக் கொடுத்தது.

2007இல் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கரையோர மக்கள் வெளியேறினர். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. எச்சரிக்கை அன்றே விலக்கிக்கொள்ளப்பட்டது. 2020இல் ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி ஆகிய இரு கிராமங்களுக்கு யுனெஸ்கோவின் 'சுனாமிக்கு ஆயத்தமான ஊர்' என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த அங்கீகாரம் பெற அபாய மணி மட்டும் போதாது. வெளியேறும் வழிகளின் வரைபடமும் மக்கள் பங்கேற்கும் ஒத்திகையும் இருக்க வேண்டும்.

இவற்றை ஒப்பிட்டால் எச்சரிக்கை பயன்பட மூன்று நிபந்தனைகள் புலப்படுகின்றன. அது எதைப் பற்றியது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். கேட்டவர் செய்யக்கூடியது ஏதாவது இருக்க வேண்டும். எச்சரிப்பவரை நம்ப முடிய வேண்டும். வகுப்பறையிலும் திரையிலும் வழங்கும் தூண்டல் எச்சரிக்கை பெரும்பாலும் இரண்டாவது நிபந்தனையில் தோற்கிறது. 'மனத்தைப் பாதிக்கும் காட்சிகள் உள்ளன' என்று சொல்லிவிட்டு, பார்ப்பவர் என்ன செய்யலாம் என்று சொல்வதில்லை. ஆய்வுகளில் பதற்றம் கூடியதற்கும் துன்பம் குறையாததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். மணி அடித்தார்கள், ஆனால் மேட்டுக்குப் போகும் வழியைக் காட்டவில்லை.

திரையில் சுனாமி

சுனாமியைக் காட்டிய தமிழ்த் திரைப்படங்களுள் இரண்டு பரவலாக அறியப்பட்டவை. கே.எஸ். ரவிக்குமார் இயக்கத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்த 'தசாவதாரம்' 2008 ஜூன் மாதம், சுனாமி நடந்து மூன்றரை ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் உச்சக்காட்சியில் சுனாமி வருகிறது. கதையின்படி ஒரு கொடிய கிருமி ஆயுதத்தை அழிக்க உப்பு தேவை. கரைக்கு ஏறிய கடல்நீரின் உப்பு அதை அழிக்கிறது. அதாவது அலை பேரழிவாக வந்து, அதைவிடப் பெரிய பேரழிவைத் தடுத்துவிடுகிறது. கடவுள் உண்டா என்ற கேள்விக்கு இரு பக்கமும் சாயக்கூடிய சாமர்த்தியமான முடிச்சு இது. ஆனால் இந்தக் கணக்கில் இறந்தவர்கள் ஒரு கழித்தல் எண்ணாக ஆகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர், அந்தச் சாவுக்கு அண்ட அளவில் ஒரு பயன் இருந்தது என்று திரை தன்னிடம் சொல்வதைக் கேட்க நேர்கிறது.

பிரபு சாலமன் இயக்கிய 'கயல்' 2014 டிசம்பர் 25 அன்று, சுனாமியின் பத்தாம் ஆண்டு நினைவுநாளுக்கு முந்தைய நாள் வெளிவந்தது. இதில் சுனாமிக்கு மறைபொருள் எதுவும் கற்பிக்கப்படவில்லை. அலை வருகிறது, மனிதர்கள் அடித்துச் செல்லப்படுகிறார்கள். அந்த அளவில் இப்படம் நேர்மையானது. ஆனால் காதலர்கள் சந்திக்கும் தருணத்துக்கான தடையாகவே அலை பயன்படுகிறது. அழிவின் பிரமாண்டத்தைக் காட்டுவதில் கேமரா கொள்ளும் ஆர்வம் துக்கத்தைக் காட்டுவதில் அதே அளவு தொடர்வதில்லை.

இவ்விரு படங்களுக்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை வாசகம் இருந்திருந்தால் போதுமா? கல்பாக்கத்துக்காரர் ஒருவர் அரங்குக்குள் நுழையும் முன் தெரிந்துகொண்டிருப்பார், அது அவருக்கு ஓரளவு பயன்பட்டிருக்கும். ஆனால் 'தசாவதாரம்' எழுப்பும் அறச்சிக்கல் அந்த வாசகத்தால் தீராது. சிக்கல் காட்சியில் இல்லை, காட்சிக்குக் கதை தரும் பொருளில் இருக்கிறது. எச்சரிக்கைக் குறிப்பு, படைப்பாளியிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பார்வையாளரின் மனவலிமை பற்றிய கேள்வியாக மாற்றிவிடும் அபாயம் இங்குதான் உள்ளது.

இந்த அபாயத்துக்குத் தமிழ் ரசிகர்கள் அறிந்த முன்னுதாரணம் ஒன்று உண்டு. 2012 அக்டோபர் 2 முதல் புகையிலைக் காட்சிகள் உள்ள படங்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. திரையின் கீழ் ஓரத்தில் வாசகம் தோன்ற, நாயகன் முன்போலவே அழகாகப் புகை விடுகிறான். வாசகம் வந்துவிட்டதால் அந்த அழகைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு வரி வாசகம் பொறுப்பை நிறைவேற்றுவதற்கு மாறாக, பொறுப்பிலிருந்து விடுபடும் சீட்டாக ஆகிவிடுகிறது.

மறுபுறம், தகவலாக மட்டும் கொடுக்கப்படும் குறிப்பில் குறையில்லை. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையத் திரைத் தளங்கள் வயது வரம்பையும் உள்ளடக்கத்தின் தன்மையையும் குறிக்க வேண்டும் என்கின்றன. 2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தின் வழியே 'யுஏ' சான்றிதழ் 7, 13, 16 என்ற வயதுகளை ஒட்டிப் பிரிக்கப்பட்டது. இவை யாருக்கும் நோயாளிப் பட்டம் கட்டுவதில்லை. மருந்துப் பெட்டியில் உள்ளடக்கம் அச்சிட்டிருப்பதைப் போன்றவை.

ஈழத்தின் அனுபவம்

சுனாமி இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதைத் தொடர்ந்து வெளிநாட்டு உளவள ஆலோசகர்கள் பெருமளவில் அங்கு சென்றனர். ஈத்தன் வாட்டர்ஸ் 2010இல் எழுதிய 'கிரேசி லைக் அஸ்' என்ற நூலின் ஓர் இயல் இதை விமர்சிக்கிறது. மனவடு எங்கும் ஒரே வடிவில் தோன்றும் என்று அவர்கள் எண்ணியதாகவும், ஆனால் இலங்கை மக்கள் தம் துயரை மனத்துக்குள் நிகழும் சேதமாகக் காட்டிலும் உறவும் சமூகக் கடமையும் அறுபட்டதாகவே உணர்ந்ததாகவும் உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வைக் கொண்டு அவர் காட்டுகிறார்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதற்கு முன்பே அத்திசையில் எழுதியவர். போர் தமிழ்ச் சமூகத்தில் விட்ட உளப்பாதிப்பைப் பற்றிய அவரது 'ஸ்கார்டு மைண்ட்ஸ்' 1998இல் வெளிவந்தது. தனிமனித நோயறிதல் மட்டும் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து சிதைவதைக் கூட்டு மனவடு என்று அறிய வேண்டும் என்பது அவர் தொடர்ந்து வற்புறுத்திய கருத்து. கூட்டாகப் பட்ட காயத்துக்குத் தனித்தனியாக ஒவ்வொருவர் காதிலும் எச்சரிக்கை சொல்வது எப்படி மருந்தாகும் என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது.

சொனாலி தெரணியகலவின் 'வேவ்' என்ற நூல் (2013) தனிமனிதத் தளத்திலும் இதற்குச் சான்று தருகிறது. யால தேசியப் பூங்கா அருகே கணவர், இரு மகன்கள், பெற்றோர் ஆகிய ஐவரையும் சுனாமியில் இழந்தவர் அவர். லண்டனில் இருந்த தம் வீட்டுக்குள் நுழைய அவரால் பல ஆண்டுகள் முடியவில்லை. ஆனால் யாலவில் இடிந்துகிடந்த விடுதிக்கு மீண்டும் மீண்டும் சென்றார். ஒன்றைத் தவிர்த்தார், ஒன்றைத் தேடிச் சென்றார். எப்போது எதற்கு முன் நிற்பது என்பதை வெளியிலிருந்து யாரும் அவருக்கு வகுத்திருக்க முடியாது. தவிர்ப்பது கோழைத்தனம் என்போரையும், தவிர்க்க விடுவதே கருணை என்போரையும் இந்நூல் ஒருசேர மறுக்கிறது. முதல் மாதங்களில் அவரைக் காத்தது உறவினரும் நண்பர்களும் இடைவிடாமல் உடனிருந்தது.

மனவடுவும் புண்பட்ட மனமும்

தமிழ்ச் சூழலில் இவ்விவாதத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இங்கு 'மனம் புண்பட்டது' என்பது ஓர் அரசியல் முழக்கமும் ஆகும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து 2015 ஜனவரியில் தமக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலை வாசகர் ஒதுக்கிவிடலாம், எழுத்தாளரை ஒதுக்கக்கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கட்டாய எச்சரிக்கை முறை வந்தால் அதை முதலில் பயன்படுத்தப்போவது யார் என்ற அச்சம் ஆகவே நியாயமானது. சாதி வன்கொடுமையைச் சொல்லும் தலித் தன்வரலாறுகளும் பெண் உடலைப் பேசும் கவிதைகளுமே முதலில் முத்திரை குத்தப்படும் வாய்ப்பு அதிகம். அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் 2014இல் இனம், பாலினம் பற்றிய பாடங்களை முன்வைத்து எழுப்பிய ஐயமும் இதுவே.

ஆனால் இந்த அச்சத்தைக் காட்டி மனவடுப்பட்டவரின் கோரிக்கையையும் தள்ளிவிடுவது சரியன்று. இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு உண்டு. புண்பட்ட மனம் என்பவர் நூல் எவர் கையிலும் இருக்கக்கூடாது என்கிறார். மனவடுப்பட்டவர் நூல் இருக்கட்டும், தமக்கு முன்னால் சொல்லிவிடுங்கள் என்கிறார். முன்னவர் பிறரின் வாசிப்பைக் கட்டுப்படுத்த நினைக்கிறார். பின்னவர் தம் வாசிப்பைத் தாமே நடத்திக்கொள்ளக் கேட்கிறார்.

மதிப்பீடு

தூண்டல் எச்சரிக்கை துன்பத்தைக் குறைக்கும் என்ற கூற்று ஆய்வில் நிற்கவில்லை. அது மாணவர்களைக் கெடுத்துவிடும் என்ற கூற்றுக்கும் வலுவான சான்று இல்லை, பதற்றத்தில் காணப்பட்ட கூடுதல் சில கணங்களுக்கு உரியது. இரு தரப்பும் ஒரு சிறு குறிப்பின்மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றியுள்ளன.

கடற்கரையின் அனுபவம் காட்டுவது இதுதான்: ஆறுதல் என்பது தூண்டுதல் இல்லாத இடத்தில் கிடைப்பதன்று. தூண்டுதலோடு வாழ வேண்டிய இடத்திலேயே வருமானம், துணை, தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை ஆகியவற்றால் அது கிடைக்கிறது. இதிலிருந்து ஆசிரியருக்கும் திரையிடுவோருக்கும் எளிய நடைமுறைகள் சில பெறப்படுகின்றன. 'மனத்தைப் பாதிக்கும்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'இறுதி அரைமணி நேரத்தில் சுனாமிக் காட்சி உண்டு' என்று குறிப்பாகச் சொல்லலாம். எழுந்து வெளியே செல்லலாம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அறிவிக்கலாம். பார்த்தபின் சேர்ந்து பேச நேரம் ஒதுக்கலாம். உதவி தேவைப்படுவோருக்கு, 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416ஐத் தெரிவிக்கலாம். நூலைப் பாடத்திலிருந்து நீக்குவது இப்பட்டியலில் வராது.

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரப் பள்ளிகளில் இன்று படிக்கும் பிள்ளைகள் எவரும் 2004இல் பிறந்திருக்கவில்லை. அவர்களுக்குச் சுனாமி ஒரு பாடம். அவர்களின் பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும் அது ஒரு நாள். பாடத்தை நடத்தும் ஆசிரியர் முந்தின நாளே, 'நாளைக்கு சுனாமிப் பாடம், வீட்டில் சொல்லுங்கள்' என்று சொல்லி அனுப்பினால், அது எச்சரிக்கையாகவும் இருக்கும், வீட்டில் ஒரு பேச்சைத் தொடங்கும் வாய்ப்பாகவும் இருக்கும். எச்சரிக்கையிடம் எதிர்பார்க்கக்கூடிய நியாயமான பயன் அவ்வளவே. மற்றதை உடனிருக்கும் மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.